தில்லைநாயகம் வளர்த்த சைவக் குட்டி

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் தில்லைநாயகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள், அவர் தெருமுனையில் வரக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். எந்த விண்ணப்பத்தையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டதில்லை என்பது அவருடைய பணிக்காலப் பெருமை. தேதி இருந்தால் ஊர் இல்லை என்பார். ஊரும் இருந்தால் கையெழுத்து கோணல் என்பார். ஓய்வு பெற்ற பிறகு குற்றம் பார்க்க விண்ணப்பம் கிடைக்காமல் போகவே, அந்தக் கண்ணை அடுத்தவர் சாப்பாட்டின் மேல் திருப்பிவிட்டார்.

அவர் சைவம். அந்தப் பக்கத்தில் சைவம் என்றால் கும்பிடும் சாமியும் அதுதான், தின்னும் சோறும் அதுதான். தில்லைநாயகத்துக்கு முதலாவதைவிட இரண்டாவதில் பிடிப்பு அதிகம். பஸ்ஸில் பக்கத்து ஆள் முட்டை போண்டாப் பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்து, திருச்செந்தூர் வரை நின்றுகொண்டே போவார். போவதோடு சரியா, ஏன் நிற்கிறேன் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார். தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சிவநெறிச் சபை வைத்திருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு வீட்டில் கூட்டம். தலைவர் கார்த்திகேசன், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். உயிர்க்கொலை என்ற சொல் இல்லாமல் ஒரு பேச்சையும் முடிக்கமாட்டார். செயலாளர் தில்லைநாயகம். மற்ற பத்துப் பேரும் சுண்டலுக்கு வந்தவர்கள் என்று யாராவது சொன்னால் அதை மறுக்க முடியாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் போன ஆனி மாதம் ஒரு காலையில் மகள் பிருந்தா பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கூடை. கூடைக்குள் பால் கோவா நிறத்தில் இரண்டு மாத லாப்ரடார் குட்டி.

"ரெண்டே மாசந்தாம்ப்பா" என்றாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நெதர்லாந்தில் வேலை. "அங்க வீடு பாத்து, பேப்பர் எல்லாம் சரி பண்ணிட்டு இவன அழைச்சுக்கிடுவோம்."

தில்லைநாயகம் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி அவருடைய கண்ணாடியை நக்கியது.

"பேரு என்ன?"

"மஃபின்."

"அப்படின்னா?"

"ஒரு கேக்குப்பா. கிண்ணம் மாதிரி சின்னதா இருக்கும்."

"முட்டை போட்டதா, போடாததா?"

பிருந்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாலம்மாள் உலையைப் பார்த்தாள். "போட்டதுதான்" என்று பிருந்தா மெதுவாகச் சொன்னாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பெயர் மாறிற்று. சாமி பெயரை நாய்க்கு வைக்கக் கூடாது. இங்கிலீஷ் பெயர் வீட்டுக்கு ஆகாது. நிறத்துக்கும் பொருந்தி, நைவேத்தியத்துக்கும் பொருந்தும்படி "அவல்" என்று தீர்மானித்தார். குட்டிக்கு அந்தத் தீர்மானத்தின் நகல் போய்ச் சேரவில்லை. அவல் என்று பத்துத் தரம் கூப்பிட்டாலும் காதைச் சொறிந்துகொண்டு கிடக்கும். அடுக்களையிலிருந்து பாலம்மாள் "மப்பின்" என்று முணுமுணுத்தால் நாலு கால் பாய்ச்சலில் ஓடும்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்" என்று மகளை வழியனுப்பி வைத்தார். அந்த வீட்டில் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தில்லைநாயகம் சொன்னால், பாலம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும் அகராதி.

அவர் செய்ததும் இல்லாமல் இல்லை. ஒரு முழுத் தாளில் குட்டிக்கு நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஐந்தரைக்கு எழுச்சி, ஐந்து நாற்பதுக்கு வெளிக்குப் போதல், ஆறு மணிக்குத் திருநீறு. குட்டி ஐந்து இருபத்தைந்துக்கே, பூஜை அறை வாசலிலேயே வெளிக்குப் போய்விட்டது. "ஏளா, இங்கன வா, இது அட்டவணைப்படி இல்ல" என்று அவர் கத்த, பாலம்மாள் பழந்துணியும் பினாயிலுமாக வந்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அட்டவணை குட்டியின் வாயில் இருந்தது. அவர் கொஞ்சம் தாழ ஒட்டியிருந்தார்.

முதல் வாரத்தில் அவருடைய இடதுகால் செருப்பு போயிற்று. டிவி ரிமோட்டில் பக்திச் சேனலுக்கு உரிய பித்தான் மட்டும் போயிற்று. வேட்டிக் கரையெல்லாம் கொசுவலை ஆயிற்று. குட்டிக்குப் பல் முளைக்கிற பருவம். நாற்காலிக் காலும் மனிதக் காலும் அதற்கு ஒன்றுதான். நாற்பது வருஷமாக வீட்டில் வேட்டி தவிர வேறு உடுத்தாத மனிதர், பெட்டிக்குள் கிடந்த பழைய அலுவலகக் கால்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சோபாவின் மேல் காலைத் தூக்கி வைத்தபடி பேப்பர் படித்தார். கீழே இறங்கவேண்டுமென்றால் பாலம்மாளைக் கூப்பிடுவார். அவள் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்ட பிறகு இறங்குவார்.

சாப்பாட்டில்தான் அவர் உறுதியாக நின்றார். பிருந்தா ஒரு பெரிய பையில் நாய்த்தீனி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பையின் பின்பக்கத்தைப் படித்தார். கோழி என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. பையை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் கவிழ்த்தார். அந்த வாரம் முழுவதும் தெருநாய்கள் அவர் பின்னாலேயே வந்தன. அவல் மட்டும் சைவத்தில் வளர்ந்தது. காலையில் பால் சோறு, மதியம் பருப்புச் சோறு, இரவில் தயிர்ச் சோறு, பிரதோஷத்தன்று சுண்டல்.

சபையின் வாட்ஸப் குழுவில் படத்துடன் செய்தி போட்டார். நெற்றியில் திருநீறு இட்ட குட்டி, பக்கத்தில் தயிர்ச் சோறு. 'பைரவர் வாகனம் நம் இல்லத்தில் சைவ நெறியில் வளர்கிறது.' கார்த்திகேசன் கைகூப்பு ஏழு போட்டார். 'புலாலை மறுத்த விலங்கு மனிதனுக்கு மேல்' என்று ஒரு வாசகமும் எழுதினார். தில்லைநாயகம் அதை மூன்று நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

குட்டி மெலிந்தது. விலா எலும்பு தெரிந்தது. கொத்துக்கொத்தாக முடி கொட்டியது. பசியில் கால்மிதியைத் தின்றது, சுவரில் சுண்ணாம்பை நக்கியது. நடக்கும்போது பின்னங்கால் கோணிக்கொண்டது. "இது வளர்ச்சியில உள்ளதுதான்" என்றார் தில்லைநாயகம். பாலம்மாள் குட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்து, ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவள் கோபப்பட்டால் பேசமாட்டாள், ஆட்டோவைக் கூப்பிடுவாள்.

கால்நடை டாக்டர் ஸ்வீட்லின் சின்னப் பெண். குட்டியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார் குடுக்கீங்க?" என்று கேட்டாள்.

அவர் பெருமையாகச் சொன்னார்.

"சத்து பத்தாது சார். தினம் ஒரு முட்டையாவது குடுங்க. மீன் அவிச்சுக் குடுத்தா நல்லது. கால் வளையுது பாருங்க."

"நாங்க சைவம்லா."

"நீங்க சைவம் சார். இது உங்க சபையில உறுப்பினர் இல்லியே."

"அதுக்குப் பதிலா ஊசி ஏதும் உண்டா?"

டாக்டர் ஒரு சீட்டில் டானிக்கின் பெயரை எழுதி, கீழே 'தினம் ஒரு முட்டை, வேகவைத்த மீன், கட்டாயம்' என்று எழுதி, கட்டாயத்தின் கீழ் இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தாள். தில்லைநாயகம் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும், "டானிக் போதும்னு சொல்லிட்டா. தயிர்ச் சோறுதான் இதுக்குத் தோதாம்" என்றார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. டாக்டர் சொல்லியிருக்கவேண்டியதை அவர் திருத்திச் சொன்னார், அவ்வளவுதான். அலுவலகத்திலும் அவர் மேலதிகாரிகளின் வரைவைத் திருத்துவது உண்டு.

ஆனால் ஒரு மாதத்துக்குள் குட்டி தேறிவிட்டது. முடி பளபளத்தது. கால் நேரானது. வீட்டைச் சுற்றி ஓடிய ஓட்டத்தில் இரண்டு துளசித் தொட்டியைச் சாய்த்தது. தில்லைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தயிர்ச் சோற்றில் தான் சேர்க்கச் சொன்ன வில்வப் பொடியின் மகிமை என்று முடிவு கட்டினார். கார்த்திகேசன் வந்து பார்த்துவிட்டு, "வே, இத நாலு பேருக்குச் சொல்லணும்வே. அடுத்த கூட்டம் உம்ம வீட்டுலயே வையும். நாய்க்குட்டியையும் காட்டும், நீரும் பேசும்" என்றார். பேச்சின் பொருள்: அன்னமும் அகிம்சையும்.

இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உறுப்பினர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். குட்டியைக் குளிப்பாட்டி, நெற்றியில் மூன்று கோடு போட்டு, சின்ன உருத்திராட்சம் ஒன்று கட்டியிருந்தது. உருத்திராட்சத்தை அது ஏற்கனவே பாதி தின்றிருந்தது. தில்லைநாயகம் பேசினார். விலங்குக்குள் புலால் ஆசை என்று ஒன்று இயற்கையில் கிடையாது, மனிதன்தான் கெடுத்தான் என்றார். "இவனுக்கு முன்னால மீனையும் தயிர்ச் சோத்தையும் வச்சா, தயிர்ச் சோத்துக்குத்தான் போவான். நான் உறுதி சொல்லுதேன்" என்றார்.

அந்த நேரத்தில் தெருவில் ஒரு மொபெட் ஆரன் கேட்டது.

குட்டி எழுந்தது. காதை நிமிர்த்தியது. அதன் வால் ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம், பிறகு எண்ண முடியாத வேகம். ஜமுக்காளத்தில் இருந்தவர்களின் மடியை எல்லாம் மிதித்துக்கொண்டு வாசலுக்குப் பறந்தது. வாசலில், பின்னால் பெட்டி கட்டிய மொபெட்டில், உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் மிக்கேலம்மாள். குட்டியைக் கண்டதும் வழக்கம்போல ஒரு சாளை மீனைத் தூக்கிப் போட்டாள். குட்டி அதை அங்கேயே தின்றிருக்கலாம். ஆனால் அது பாசமுள்ள பிராணி. வாயில் கவ்விக்கொண்டு வந்து, ஜமுக்காளத்தின் நடுவில், தில்லைநாயகத்தின் பாதத்துக்கு முன்னால் மீனை வைத்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.

யாரும் மூச்சு விடவில்லை. மூச்சு விட்டால் வாசம் வரும்.

"அக்கா" என்று வாசலில் மிக்கேலம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது. "டீச்சர் வீடு பூட்டிக் கெடக்கே. குட்டிக்கு உள்ளத ஒங்ககிட்டயே குடுத்துட்டுப் போவட்டா?"

டீச்சர் என்றது பக்கத்து வீட்டு எலிசபெத் டீச்சரை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு கடந்த சில வாரங்களாக எண்ணெய் விட்டதுபோல் சத்தமில்லாமல் திறப்பதைத் தில்லைநாயகம் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். அடுக்களை வாசலில் பாலம்மாள் நின்றாள். அவள் முகத்தில் பயம் இருக்கும் என்று பார்த்தார். சுண்டல் தாளித்த கரண்டிதான் கையில் இருந்தது.

கார்த்திகேசன் நிலைமையைச் சமாளிக்க எழுந்தார். தலைவர் அல்லவா. வாசல் பக்கம் போய், "யாரும்மா நீ? சபை நடக்கிற எடத்துல வந்து..." என்று குரலை உயர்த்தினார்.

மிக்கேலம்மாளின் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, நீங்களும் இங்கனதான் இருக்கியளா? ஒங்க வீட்டுக்குத்தான் வந்துகிட்டிருக்கேன். ஒங்க நாய்க்குச் சீலா மீன் கேட்டியள்லா, நல்ல நடுத்துண்டமா ஒதுக்கி வச்சிருக்கேன்."

கார்த்திகேசன் வீட்டில் நாய் கிடையாது. பூனை கிடையாது. ஒரு கிளிகூடக் கிடையாது. அது பன்னிரண்டு பேருக்கும் தெரியும். மகேஸ்வரன் என்ற உறுப்பினர், மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி வெளியே போனார். போகும்போது மிக்கேலம்மாளின் கண்ணில் படாமல் சுவரோரமாகப் போனார். இன்னும் இரண்டு பேர் கூரையில் காற்றாடி ஓடுவதைக் கவனித்தார்கள். அன்றைக்கு நிறைவுப் பாட்டு இரண்டு வரியோடு நின்றது. சுண்டலுக்கு யாரும் உட்காரவில்லை. சபை வரலாற்றில் அது முதல் தடவை.

எல்லாரும் போன பிறகு தில்லைநாயகம் விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தன நாளா நடக்கு இது?"

"டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்த மறுநாள்ல இருந்து."

"எந்தச் சீட்டு?"

"ஒங்க சட்டைப் பையில இருந்தது. தொவைக்கப் போடையில எடுத்து வாசிச்சேன். கட்டாயம்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தா. நீங்க டானிக் போதும்னு சொன்னிய."

அவர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போனார். "யாரு அவிச்சா?"

"டீச்சர்தான். நீங்க கோயிலுக்குப் போன பெறவு குட்டியைத் தூக்கிட்டுப் போவேன். அங்கன தின்னுட்டு வரும். நம்ம அடுக்களைக்குள்ள ஒண்ணும் வரல."

"நீ..." என்றார். "நீயும் அங்கன..." என்று இழுத்தார். மேலே கேட்கவில்லை. இல்லை என்றால் நம்ப முடியாது. ஆமாம் என்றால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் யார் கையால் சாப்பிடுவது? குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சபையில என் மானம் போச்சு."

"ஒங்க மானமா, கார்த்திகேசன் அண்ணாச்சி மானமா?"

அவர் ஆணை பிறப்பித்தார். "இனிமே இந்தக் குட்டி அதத் தொடக் கூடாது. நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடுங்க" என்றாள் பாலம்மாள். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு எல்லாரும் கொள்ளும் பொருளையே அவளும் கொண்டாள். நாலு சேலையை ஒரு பையில் வைத்தாள். ஏரலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தில்லைநாயகம் அறிந்துகொண்டவை பல. விளக்குமாறு கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பது ஒன்று. பினாயில் பாட்டிலின் மூடி அழுத்தித் திருகினால்தான் திறக்கும் என்பது இன்னொன்று. ஒரு குட்டி ஒரு நாளில் பதினான்கு தடவை மூத்திரம் பெய்யும் என்பதும், அதில் ஒன்பது தடவை அப்போதுதான் துடைத்த இடத்தில் பெய்யும் என்பதும் அவருக்கு எந்த நூலிலும் கிடைக்காத அறிவு. அரிசி வேக எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் முதல் நாள் கஞ்சியும் மறுநாள் பொரியும் ஆக்கினார். இதையெல்லாம் ஒருத்தி பேசாமல் செய்துகொண்டிருந்தாள் என்ற நினைப்பு அவருக்கு வந்ததா என்றால், வந்தது. அதோடு, 'சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேனா' என்ற நினைப்பும் சேர்ந்தே வந்ததால் பெரிதாக உறுத்தவில்லை.

இரண்டாம் நாள், குட்டிக்குப் பட்ட தோஷத்தைக் கழிக்க ஆட்டோவில் குறுக்குத்துறைக்குக் கொண்டுபோனார். தாமிரபரணியில் முங்கி எழுந்தால் தீராத பாவம் இல்லை. குட்டிக்குத் தண்ணீர் புதிது. ஒரு தரம் முங்கியது, எழுந்தது, பிறகு தன் சாதிக்கே உரிய சுபாவம் விழித்துக்கொண்டு நேரே நடு ஆற்றுக்கு நீந்தத் தொடங்கிவிட்டது. நீச்சல் தெரியாத தில்லைநாயகம் இடுப்பளவு தண்ணீரில் நின்று "அவலு, அவலு" என்று கூப்பிட்டார். படித்துறையில் துணி துவைத்த பெண்கள் இவர் அவல் தொலைத்துவிட்டார் என்று நினைத்தார்கள். கடைசியில் "மப்பின்" என்றார். குட்டி திரும்பி வந்தது. கரையேறி, உடம்பை உதறி, தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை எள்ளோடும் தண்ணீரோடும் நனைத்தது. அவர்கள் சொன்னதைக் கேட்காததுபோல அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வழி நெடுகக் குட்டியின் கழுத்தை விடவேயில்லை.

ஆனால் சோறு இறங்கவில்லை. தயிர்ச் சோற்றைக் குட்டி மோந்து பார்க்கும், திரும்பிப் படுத்துக்கொள்ளும். வில்வப் பொடி போட்டார், நெய் விட்டார், கையில் எடுத்து ஊட்டினார். மதில் கதவடியில் போய் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது. எலிசபெத் டீச்சர் கல்யாணம், மறுவீடு என்று பத்து நாள் தங்கிவிட்டார். மூன்றாம் நாள் குட்டி எழுந்து வராமல் படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் இரண்டு தரம் தரையில் தட்டியது. தில்லைநாயகம் அதன் பக்கத்தில், வெறுந்தரையில், கால்சட்டையோடு உட்கார்ந்தார். அதன் விலாவில் கையை வைத்துப் பார்த்தார். எலும்பு கையில் தட்டியது. முப்பத்து நான்கு வருஷம் எத்தனையோ பேரை வாசலில் காக்க வைத்தவருக்கு, அந்த அரைமணி நேரம் தாங்கவில்லை.

பத்து மணிக்கு ஆரன் கேட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"நாய்க்கு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

மிக்கேலம்மாள் பெட்டியைத் திறந்தபடி, "இந்தத் தெருவுல எல்லாரும் நாய்க்குத்தான் வாங்குதாவ, அண்ணாச்சி" என்றாள். "உள்ள நாய்க்கா, இல்லாத நாய்க்கா? அதச் சொன்னா அதுக்குத் தக்கன வெட்டித் தருவேன்."

"உள்ள நாய்க்குத்தான்" என்றார் தில்லைநாயகம். வாழ்க்கையில் அவர் சொன்ன சத்தியங்களில் அவ்வளவு மனதார வந்தது வேறில்லை.

"அப்ப சாளை போதும். குடல எடுத்துட்டு அப்படியே அவிங்க. முள்ளு நல்லா வெந்து மசியணும்."

கார் நிறுத்தும் கொட்டகையில், பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பாத்திரத்தை வைத்தார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஏரலுக்குப் போன் போட்டார்.

"ஏளா, இது எவ்வளவு நேரம் வேகணும்?"

"எது?"

"அதுதான். சாளை."

மறுமுனையில் தங்கச்சியும் பக்கத்தில் இருந்து கேட்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பாலம்மாள். "நான் சைவம்லா."

அவராகவே பார்த்துப் பார்த்து அவித்தார். குட்டி பாத்திரத்தோடு தின்றது. தின்றுவிட்டு வந்து அவர் முகத்தை நக்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும் என்று நினைத்தார். திருப்பவில்லை. பிறகு போய்த் தலைமுழுகினார்.

ஒன்பதாம் நாள் பாலம்மாள் திரும்பி வந்தாள். குட்டி அவளை வாசலில் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, மறுபடி அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் கொட்டகையைப் பார்த்தாள், ஸ்டவ்வைப் பார்த்தாள், கயிற்றில் காயும் தரைத் துணிகளைப் பார்த்தாள். அடுக்களையைக் கழுவிவிட்டுக் காபி போட்டாள்.

"இனிமே நீ வந்துட்டல்லா" என்று தில்லைநாயகம் மெதுவாகத் தொடங்கினார்.

"நீங்களே பாருங்க. கை பழகிட்டுல்லா" என்றாள் பாலம்மாள், காபியை ஆற்றிக்கொண்டே. அதற்குப் பிறகு அந்த வேலை அவர் பக்கமே நின்றுவிட்டது.

சபை இரண்டு மாதம் கூடவில்லை. அதற்குள் கார்த்திகேசன் ராஜபாளையத்துக்குப் போய், மின்கம்பம் மாதிரி உயரமான ஒரு வெள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எப்போதோ வாங்க நினைத்ததாம். மகேஸ்வரன் வீட்டில் ஒரு பொமரேனியன் வந்தது. கார்த்திகை முடிவதற்குள் அந்தத் தெருவில் சபை உறுப்பினர் வீட்டு நாய்கள் ஐந்து ஆயின. மறுபடி கூடிய முதல் கூட்டத்தில், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர் வாசித்தார். "சொற்பொழிவு இனிதே நிறைவுற்றது" என்று எழுதியிருந்தார். யாரும் திருத்தம் சொல்லவில்லை.

தை மாதத்தில் பிருந்தா நெதர்லாந்திலிருந்து வீடியோவில் வந்தாள். இரண்டு மாதம் என்று சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. "வீடு கெடைச்சிட்டுப்பா. மஃபினை இங்க அனுப்ப ஏற்பாடு பண்ணுதேன். பாவம், உங்களுக்கும் செரமம்."

தில்லைநாயகம் கொட்டகையில் நின்றிருந்தார். கழுத்தில் கைக்குட்டை, ஒரு கையில் அகப்பை, காலடியில் கன்றுக்குட்டி உயரத்தில் நாய். ஸ்டவ்வில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றார். "அங்கன கொண்டுபோனா கண்ட கண்ட மாமிசத்தையும் குடுத்துப் பழக்கிருவிய. அவன் சைவ வீட்டுல வளந்த பிள்ளை. அவனுக்குச் சேராது."

அடுக்களை ஜன்னலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. மனதாரத்தான் சொல்லியிருந்தார்.